நாட்டுக்காக ஆடாத ஒருவர் தேசிய அணிகளுக்குக் கோச் ஆகலாமா? எடி ஜோன்ஸ் பற்றி ஒரு கேள்வி

பரந்தன் பிளாங்கர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி. உயர்தரம் படிக்கும்போது பள்ளிக்கூட அணியில் எழுவர் றக்பி ஆடினேன். மாகாண மட்டத்துக்கு மேல் போகவில்லை. வலது தோள் விலகியதோடு என் ஆட்டமும் முடிந்தது. இப்போது பின்னேரங்களில் பழைய பள்ளிக்கூடத்துப் பொடியன்களுக்குப் பழக்குகிறேன். சம்பளம் ஒன்றும் கிடையாது. பொறுப்பாசிரியர் கிரவுண்டைத் திறந்து விடுகிறார், இரண்டு பந்து தருகிறார், அவ்வளவுதான்.

அண்மையில் ஒரு பையனின் தகப்பன் கிரவுண்டுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "தம்பி, நீர் எந்த ரீமுக்கு ஆடினனீர்?" சொன்னேன். "அப்ப நீர் என்னத்தைப் பழக்கப் போறீர்?" என்றுவிட்டு மகனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களிடம் இருந்த ஒரே உருப்படியான ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) அந்தப் பையன்தான். தகப்பனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே ஒரு யோசனை.

யப்பான், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் கோச்சாக இருந்த எடி ஜோன்ஸ் தன் நாட்டுக்காக ஒரு போட்டிகூட ஆடவில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா? உண்மை என்றால் அவரை எப்படி நம்பிக் கொடுத்தார்கள்? என்னைப் போல ஆட்கள் இங்கே இருந்துகொண்டு எங்கே தொடங்குவது?

---

கொக்கிளாய்க் காற்று எழுதியது:

ஒன்றிரண்டு விதிவிலக்கைக் காட்டி மனதைத் தேற்ற வேண்டாம் தம்பி. பெரிய கோச்மார் பலர் பெரிய ஆட்டக்காரர்கள்தான். ராஸி எராஸ்மஸ் தென்னாபிரிக்காவுக்கு 36 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான போட்டி) ஆடியவர். கோச்சாக 2019 உலகக் கிண்ணத்தை வென்றார். 2023-இல் கிண்ணம் திரும்பவும் வந்தபோது தலைமைக் கோச் ஜாக் நீனாபர், மேலே பணிப்பாளராக இருந்தது எராஸ்மஸ். அண்டி ஃபாரெல் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கில் விகன் கழகத்துக்குப் பதினாறு வயதில் இறங்கி, இருபத்தொரு வயதில் கிரேட் பிரிட்டன் அணிக்குத் தலைவரானவர். பிறகு பதினைந்து பேர் ஆடும் யூனியனுக்கு மாறி இங்கிலாந்துக்கும் ஆடினார். கோச்சாக அயர்லாந்துக்கு 2023-இல் கிராண்ட் ஸ்லாம் (ஆறு நாடுகள் தொடரில் எல்லாப் போட்டியிலும் வெற்றி) எடுத்துக் கொடுத்தார். 2025-இல் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியைக் கூட்டிக்கொண்டு போய் அவுஸ்திரேலியாவில் தொடரை 2-1 என்று வென்றார்.

உடை மாற்றும் அறைக்குள் இப்படி ஒரு ஆள் நுழைந்தால் பொடியன்கள் தன்பாட்டில் வாயை மூடுவார்கள். அந்த மரியாதையைப் புத்தகம் படித்து வாங்க முடியாது. அந்தத் தகப்பன் கேட்ட விதம் பிழை, கேள்வி பிழையில்லை.

---

மல்லாவி ரீச்சர் எழுதியது:

தம்பி பரந்தன், முதலில் நேர்ப் பதில். உண்மைதான், எடி ஜோன்ஸ் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

நான் வவுனியா வடக்கிலும் துணுக்காய்ப் பக்கமும் உடற்கல்வி படிப்பிக்கிறேன். அதற்கு முன்னர் கண்டிப் பக்கம் சில வருடம் வேலை. அங்கே சனி, ஞாயிறு என்றால் நித்தவெல மைதானத்தில் கண்டிக் கழகத்தின் ஆட்டம் பார்க்கப் போவோம். றக்பிப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. ஆனால் நான் ஆட்டக்காரர்களைப் பார்த்ததைவிடக் கரையில் நின்ற கோச்மாரைத்தான் கூடுதலாகப் பார்த்தேன். ஒரே பிழையை ஒருவர் ஏசித் திருத்துவார், இன்னொருவர் ஆளை நிற்கிற இடத்தில் இருந்து இரண்டு எட்டுத் தள்ளி நிறுத்தித் திருத்துவார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கும். இது எங்கள் தொழில் புத்தி.

சரி, ஜோன்ஸ். 1960-இல் டஸ்மேனியாவில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். அங்கே மட்ராவில் (Matraville) என்ற இடத்து உயர்தரப் பாடசாலையில் அவரோடு படித்தவர்கள் 'எல்லா' (Ella) என்ற குடும்பப் பெயர் கொண்ட மூன்று சகோதரர்கள்: மார்க், கிளென், கேரி. மூவரும் பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள். பக்கத்தில் அப்படி மூன்று பேர் நின்றால் தன் கால் எவ்வளவு வேகம், தன் கண் எவ்வளவு வேகம் என்று ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே கணக்கு விளங்கிவிடும். ராண்ட்விக் கழகத்தில் ஹூக்கராக முதலாம் அணியில் நின்றார், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் ஆடினார். ஹூக்கருக்குச் சிறிய உருவம். வாயும் மூளையும்தான் ஆயுதம்.

1989-இல் நடந்ததைக் கவனியுங்கள். அவுஸ்திரேலியக் கோச் பொப் டுவையர், அதே ராண்ட்விக்கில் முன்பு கோச்சாக இருந்தவர். தேசிய அணிக்கு ஒரு புது ஹூக்கர் தேவைப்பட்டபோது அவர் ஜோன்ஸை எடுக்கவில்லை. கழகத்தில் ஜோன்ஸுக்குப் பின்னால் இரண்டாம் அணியில் நின்ற பில் கேர்ன்ஸை எடுத்தார்! தேர்வு பிழையென்றும் சொல்ல முடியாது. 1991-இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் ஹூக்கர் அந்தக் கேர்ன்ஸ்தான். உங்களிடம் மோட்டார் சைக்கிளில் வந்தவர் கேட்ட கேள்வியை ஜோன்ஸிடம் நாடே கேட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் றக்பி யூனியனில் சம்பளம் இல்லை. 1995-இல்தான் அது தொழில்முறை விளையாட்டானது. அதனால் எல்லாரும் ஏதோ ஒரு வேலை பார்த்தார்கள். ஜோன்ஸ் ஆசிரியர். சிட்னியில் ஒரு பாடசாலையில் படிப்பித்து, அதிபர் பொறுப்பையும் கொஞ்சக் காலம் பார்த்தவர். பிறகுதான் அதை விட்டுவிட்டு யப்பானுக்குப் போய் ரோக்காய் பல்கலைக்கழக அணியைப் பழக்கத் தொடங்கினார். கொக்கிளாய்க் காற்று அண்ணை, அறை தன்பாட்டில் அமைதியாகிற மரியாதை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்குள் நுழைந்து நாற்பது பிள்ளைகளை இருத்திப் பழகியவருக்கும் ஒரு அறையை அமைதியாக்கத் தெரியும்.

1998-இல் கன்பராவின் பிரம்பீஸ் அணி அவரை எடுத்தது. முதல் வருடம் பத்தாவது இடம். நம்மூர் என்றால் அடுத்த கிழமையே ஆளை மாற்றியிருப்பார்கள். 2000-இல் சூப்பர் 12 தொடரின் இறுதிப் போட்டியில் ஒரு புள்ளியால் தோல்வி. 2001-இல் கிண்ணம். நியூசிலாந்துக்கு வெளியே அந்தக் கிண்ணத்தை எடுத்த முதல் அணி அதுதான். அதே வருடம் அவுஸ்திரேலியாவின் கோச் ஆனார். 2003 உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்திடம் மேலதிக நேரத்தில் 20-17 என்று தோற்றது தெரியும்தானே. 2005-இல் தோல்வி அடுக்கி வர, நீக்கினார்கள். 2007-இல் குயின்ஸ்லாந்து ரெட்ஸ் அணியோடு போய்த் தென்னாபிரிக்காவில் 92-3 என்று வாங்கினார். அந்த எண்ணைச் சும்மா வாசித்துவிட்டுப் போக வேண்டாம், தொண்ணூற்றிரண்டுக்கு மூன்று. அதே வருட முடிவில் அதே தென்னாபிரிக்கா உலகக் கிண்ணம் வென்றபோது அவர்களின் ஆலோசகராகப் பக்கத்தில் நின்றதும் இவர்தான்.

இனி யப்பான். அது வெறும் வேலை இல்லை அவருக்கு. தாய் அமெரிக்காவில் பிறந்த யப்பானியப் பெண். இரண்டாம் உலகப் போர் தொடங்க, யப்பானிய இரத்தம் என்பதற்காகக் குடும்பத்தோடு முள்ளுக்கம்பி முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்து யப்பானுக்குப் போனால் அங்கேயும் வேற்றாள். அங்கே வந்திருந்த அவுஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு அவுஸ்திரேலியாவுக்கு வந்தார். முகாம் என்றால் என்ன என்று இங்கே வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படி ஒரு தாயின் பிள்ளை ஒன்றில் அடங்கிப் போகும், இல்லாவிட்டால் ஓய்வே இல்லாமல் ஓடும். வன்னியில் இரண்டு வகையும் என் வகுப்பில் இருந்திருக்கிறது.

2012-இல் அவர் பொறுப்பெடுத்தபோது உலகக் கிண்ணங்களில் யப்பானுக்கு இருந்த ஒரே வெற்றி 1991-இல் சிம்பாப்வேயை வென்றது. 1995-இல் நியூசிலாந்திடம் 145-17 என்று தோற்றவர்கள். ஆட்கள் சிறியவர்கள். ஜோன்ஸ் அவர்களை ஊதிப் பெரிதாக்கத் தெண்டிக்கவில்லை. உடம்பைப் பலப்படுத்தினார், அது வேறு. விடியற்காலையிலேயே பயிற்சி தொடங்கிவிடும். ஆனால் ஆட்டத்தைத் தாழ்த்தினார். ஸ்கிரம்மில், அதாவது இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற இடத்தில், எதிராளியைவிடத் தாழ இருக்கப் பழக்க பிரான்சின் பழைய ஹூக்கர் மார்க் டால் மாசோவைக் கூப்பிட்டார். வெளியே போன பந்தைக் கோட்டில் இருந்து உள்ளே எறியும் லைன் அவுட்டுக்கு ஸ்டீவ் போர்த்விக். காலைப் பிடித்து விழுத்தும் டாக்கிளைப் பழக்க ஒரு கலப்புச் சண்டை வீரரையே கொண்டுவந்தார். உயரத்தில் தோற்பாய் என்றால் உயரத்தில் மோதாதே. நான் இவரிடம் எடுத்துக்கொண்டது இதைத்தான். இருக்கிற உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் பாடத்திட்டம் எழுத வேண்டும்.

எல்லாம் புகழ்ச்சி இல்லை. மனுசன் கடுமையான ஆள். கீழே வேலை செய்தவர்கள் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார்கள். இங்கிலாந்தோடு 2016-இல் கிராண்ட் ஸ்லாம், தொடர்ந்து பதினேழு வெற்றி, 2019 உலகக் கிண்ண இறுதி என்று ஏற்றிக் கொண்டுபோய், 2022 முடிவில் நீக்கப்பட்டார். 2023-இல் அவுஸ்திரேலியா திரும்பக் கூப்பிட்டது. மைக்கேல் ஹூப்பர், குவேட் கூப்பர் போன்ற அனுபவசாலிகளை விட்டுவிட்டு இளம் பொடியன்களோடு உலகக் கிண்ணத்துக்குப் போனார். ஃபிஜியிடம் 22-15, வேல்ஸிடம் 40-6 என்று தோல்வி. முதல் சுற்றோடு வீடு, அவுஸ்திரேலியாவுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒரு வருடமும் முடியவில்லை. யப்பானில் அவருக்கு நான்கு வருடம் கிடைத்தது, இங்கே ஒன்பது மாதம்தான். நாலு தவணைப் பாடத்தை ஒரு தவணையில் ஓட்டினால் இதுதான் நடக்கும். 2024-இல் திரும்பவும் யப்பானுக்கே போய்விட்டார்.

இன்னொன்று, ராண்ட்விக்கில் ஆடியவர்களில் அவுஸ்திரேலியாவுக்குக் கோச் ஆனவர் இவர் மட்டுமில்லை. யூவன் மக்கென்சி, மைக்கேல் செய்க்கா இருவரும் அதே கழகம். மக்கென்சி ஐம்பது டெஸ்டுக்கு மேல் ஆடியவர், செய்க்கா ஒன்றும் ஆடாதவர். 2015-இல் அவுஸ்திரேலியாவை உலகக் கிண்ண இறுதிக்குக் கொண்டுபோனது செய்க்கா. அண்ணை சொன்ன அந்த விதிவிலக்கு ஒரே கழகத்தில் இரண்டு தடவை நடந்திருக்கிறது.

---

முள்ளியவளை லண்டன் எழுதியது:

ரீச்சர் எழுதியதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2015 செப்டெம்பர் 19, பிரைட்டன், உலகக் கிண்ணத்தில் யப்பானும் தென்னாபிரிக்காவும் மோதிய ஆட்டம். நான் மைதானத்துக்குள் இருந்தேன். வேலை செய்யும் இடத்தில் ஒரு தென்னாபிரிக்க நண்பர் மேலதிக ரிக்கெட் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு றக்பியில் தெரிந்தது, பந்தைப் பின்னுக்குத்தான் எறியலாம் என்பது மட்டும்.

முன்னுக்கு இருந்த வெள்ளைக்காரர் எல்லாம் முதலில் யப்பானுக்குப் பாவம் பார்த்துக் கைதட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு அந்தக் கைதட்டலின் சத்தமே மாறிவிட்டது. கடைசி நிமிடங்கள், தென்னாபிரிக்கா 32, யப்பான் 29. கோட்டுக்குக் கிட்ட யப்பானுக்குப் பெனால்டி. உதைத்தால் மூன்று புள்ளி, சமநிலை. யப்பான் தென்னாபிரிக்காவோடு சமநிலை என்றாலே உலகச் செய்தி. தலைவர் மைக்கேல் லீச் உதைக்கவில்லை, ஸ்கிரம் கேட்டார். என் நண்பர் தலையில் கை வைத்துவிட்டார், சந்தோசத்திலா பயத்திலா தெரியவில்லை. எடி ஜோன்ஸ் மேலே இருந்து மூன்று புள்ளியை எடுக்கச் சொல்லித்தான் கத்தினாராம். பிள்ளைகள் கேட்கவில்லை.

நேரம் முடிந்தும் பந்து உயிரோடு. வலது பக்கம் இடித்து இடித்துப் போய், பிறகு ஒரே வீச்சில் இடது பக்கம் முழுக்கத் திறந்தது. யப்பானின் மாஃபி கொடுக்க, கார்ன் ஹெஸ்கெத் மூலையில் விழுந்து ட்ரை, ஐந்து புள்ளி. 34-32. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு கிழவர் என்னைக் கட்டிப்பிடித்தார், அவருடைய பியர் முழுக்க என் ஜக்கெட்டில்.

அந்தத் தடவை யப்பான் மூன்று போட்டி வென்றும் காலிறுதிக்குப் போகவில்லை. அது ஒரு அநியாயம்.

---

கொக்கிளாய்க் காற்று எழுதியது:

செய்க்கா விசயம் எனக்கு மறந்தே போய்விட்டது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ராண்ட்விக் முதலாம் அணி என்பது லேசான இடமில்லை, எங்கள் ஊர் மாகாண மட்டத்தோடு அதை ஒப்பிட வேண்டாம். தம்பி குறைந்தது ஒரு கழகத்தோடு சேர்ந்து கொஞ்சக் காலம் நிற்க வேண்டும். தோள் சரியில்லை என்றால் ரீமோடு பை தூக்கிக்கொண்டாவது போகட்டும். பொலிஸ், ஆமி, நேவி என்று பாதிக் கழகங்கள் படையோடு சம்பந்தப்பட்டவை, அது எல்லாருக்கும் தோதுப்படாது, விளங்குகிறது. கண்டி, கொழும்புப் பக்கம் வேறு கழகங்களும் இருக்கின்றன.

---

பரந்தன் பிளாங்கர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், உங்களிடம் இரண்டு கேள்வி. எங்கள் பொடியன்கள் மெல்லியவர்கள். பாதிப் பேர் உதைபந்தாட்டத்தில் இருந்து வந்தவர்கள், பந்தைக் கையில் பிடித்தால் கண்ணை மூடுகிறார்கள். டாக்கிள் எப்படித் தொடங்குவது? கிரவுண்டும் சோளகக் காலத்தில் சீமெந்துதான், அதில் நெருஞ்சி முள் வேறு. பொறுப்பாசிரியர் யாராவது கழுத்தை முறித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறார். மற்றது, கோச் சான்றிதழ் எடுக்க எங்கே போவது? கொழும்புக்குப் போய் நிற்க வசதியில்லை.

---

மல்லாவி ரீச்சர் எழுதியது:

பொறுப்பாசிரியர் பயப்படுவது நல்லது. பயப்படாத ஆசிரியர்தான் ஆபத்து.

டாக்கிளைக் கடைசியில் வையுங்கள். முதலில் கிளித்தட்டு. பகிடியில்லை. கோட்டில் நிற்கிறவனை ஒரு பக்கம் சாய வைத்து மறு பக்கத்தால் வழுக்கிக்கொண்டு போக வன்னிப் பிள்ளைகளுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. அதே கோடுகளைப் போட்டு, கையில் பந்தைக் கொடுத்து ஓட விடுங்கள். முதல் நாள் பந்தை மறந்து கையை வீசுவார்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடப் பழகிவிடுவார்கள். அதற்கடுத்து இடுப்பில் நாடா கட்டி, இழுத்தால் பிடிபட்டான் என்று வையுங்கள். நாடா வாங்க வேண்டாம், பழைய சீலையைக் கிழித்தால் போதும். ஒரு சீலை ஒரு அணிக்குக் காணும்.

பிறகு யூரியாப் பைக்குள் வைக்கோல் அடைத்துத் தைத்து டாக்கிள் பை. இறுக்கி அடையுங்கள், இல்லாவிட்டால் நாலாம் நாள் தொய்ந்து கிடக்கும். விழுவதற்கு கிரவுண்ட் வேண்டாம், அறுவடை முடிந்த வயலில் யாரிடமாவது கேட்டு வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, மேலே படங்கு விரியுங்கள். முதலில் இருவரும் முழங்காலில். பிடிக்கிறவனின் தலை எப்போதும் விழுகிறவனின் பின்பக்கம், கன்னம் அவன் இடுப்புக்குக் கீழே ஒட்டியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். தலை முன்னுக்குப் போனால் உடனே நிறுத்துங்கள். விழுந்தவனைப் பார்க்க வேண்டாம், பிடித்தவனின் தலை எங்கே என்று மட்டும் பாருங்கள். முழங்காலில் சரியாக வந்தால்தான் நடை, நடை சரியென்றால்தான் ஓட்டம். யாருக்காவது தலையில் அடிபட்டு ஒரு மாதிரி முழித்தால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. "நான் ஓகே சேர்" என்பான், நம்ப வேண்டாம். பெற்றோரிடம் நீங்களே நேரில் சொல்லி, வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

சான்றிதழுக்கு இப்போதைக்குக் கொழும்பு தேவையில்லை. உலக றக்பி அமைப்பின் இணையத்தளத்தில் 'றக்பி ரெடி', ஆட்ட விதிகள், தலைக் காயம் பற்றிய பாடங்கள் எல்லாம் இலவசம். போனிலேயே செய்யலாம், முடிவில் சான்றிதழ் பதிவிறக்கலாம். முதலாம் நிலைக் கோச் வகுப்புக்கு நேரில்தான் போக வேண்டும், ஆனால் போவதற்கு முன்னர் இந்த இணையப் பாடங்களை முடிக்கச் சொல்வார்கள். அதனால் இதை இப்போதே முடித்து வையுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுங்கள், அடுத்த வகுப்பு வடக்கில் எங்காவது வைத்தால் உங்கள் பெயரையும் போடச் சொல்லி. பதில் வராது, திரும்பக் கொடுங்கள். முதல் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருந்தால் இரண்டாம் தடவை கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

உங்கள் ஹூக்கரை நான் விடச் சொல்ல மாட்டேன். தலைக் காயச் சான்றிதழை முதலில் எடுத்து, அதைக் கொண்டுபோய்த் தகப்பனிடம் காட்டுங்கள். எந்த ரீமுக்கு ஆடினீர் என்று கேட்டவர் உண்மையில் கேட்டது, என் பிள்ளை முழுசாகத் திரும்பி வருமா என்பதாகவும் இருக்கலாம். டாக்கிள் படங்கு விரிக்கிற நாளில் அவரையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

---

பரந்தன் பிளாங்கர் எழுதியது:

விதிகள் பாடம் நேற்று இரவு தொடங்கிவிட்டேன் ரீச்சர். ஆங்கிலம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. எங்கள் பெரியப்பாவுக்கு உருத்திரபுரத்தில் வயல் இருக்கிறது, வைக்கோலுக்கு ஓமென்றுவிட்டார். மாடு வந்து தின்னாமல் இரவில் யார் காவல் என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.